பின் சீட்டுத் தலைவலி

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால், "டியூட்டி இருக்குப்பா, பொறவு எடுக்குறேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துப் போட்டாலும் அங்கேயேதான் கிடக்கும். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். பெண் நல்ல பெண், குடும்பமும் நல்ல குடும்பம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ போன வாரம் சொன்னாய், நம்முடைய வேனுக்குப் பெயின்ட் அடித்து வையுங்கள், பொண்ணு மாப்பிள்ளை அதில்தான் கோயிலுக்குப் போகணும் என்று. அந்த வேனைப் பற்றித்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் மகனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். என்னிடம் இப்போது நல்ல வார்த்தை கைவசம் இல்லை, இருக்கிறதைத்தான் எழுத முடியும். இதை உன் அம்மாவைத் தவிர வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கட்டாரில் கராஜ் வேலை முடிந்த கையோடு நீ போனில் பிடித்துப் போடுகிற வீடியோக்களை ஊர் உலகமெல்லாம் பார்க்கிறதே, இதையும் பார்க்கட்டும்.

நீ ஹட்டனில் ரயில் ஏறிய நாளை மறந்திருக்க மாட்டாய். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் வேனை நீதான் ஓட்டினாய். நான் உன் பக்கத்தில், அம்மா பின் சீட்டில். நோர்வூட் தாண்டி ஏத்தம் வந்ததும், "பாத்தீங்களாப்பா, இப்ப எப்புடி இழுக்குது" என்று பெருமையாகக் கேட்டாய். அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு நாள் வண்டிக்கு அடியில் படுத்து என்னமோ செய்திருந்தாய். சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது, இழுவையும் கூடியிருந்தது. மோட்டார் வேலை படித்த பிள்ளை செய்திருக்கிறான் என்று நானும் வாயெல்லாம் பல்லாக இருந்தேன். காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவன் நான். எனக்குத் தெரிந்த சைலன்சர் ஒரு குழாய், ஒரு பானை, மறுபடி ஒரு குழாய், அவ்வளவுதான். ஜப்பானிலிருந்து வந்த இந்தச் சின்ன வேனுக்கு அடியில் வயரும் முளையுமாக என்னென்னவோ இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொல்லவில்லை. சாவியைக் கையில் கொடுத்து, "ஆள் ஏத்தி ஹயர் ஓடுங்கப்பா, சும்மா இருக்காதீங்க" என்றாய். ஓடினேன்.

நீ போனது மழைக்காலம். நம் பக்கத்து மழையும் பனியும் உனக்குத் தெரியும். வேனில் ஏறுகிறவர்கள் முதலில் செய்கிற வேலை கண்ணாடியை இழுத்து மூடுவதுதான். அம்மா சுவெட்டருக்கு மேல் சால்வை போட்டு, காதைச் சுற்றித் துண்டு கட்டி, பின் சீட்டு மூலையில் ஒடுங்கிக்கொள்வாள். உன் வேனின் கதவும் கண்ணாடியும் நன்றாக மூடும், ஒரு பொட்டுக் காற்று வராது. என் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பாதி இறங்கியே இருக்கும், வெற்றிலை துப்ப வேண்டுமே. அதற்காக அவளிடம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? "அந்தக் கருமத்த விட்டுத் தொலைங்க, குளுரு உள்ள வருது" என்பாள். எங்கள் இரண்டு பேரில் தலை வலிக்காமல் இருந்தது எனக்குத்தான். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அவளுக்குத் தலைவலி வந்தது நீ போன அடுத்த வாரம். ஹட்டனுக்கு மருந்தெடுக்கப் போகும்போது பாதி வழியில் தலையைப் பிடித்துக்கொண்டாள். டவுனில் இறங்கிக் காற்றாட நின்றதும் கொஞ்சம் தேறினாள். திரும்பி வரும்போது மறுபடியும் அதே வலி, நோர்வூட்டில் இறக்கிவிட்டேன், வாந்தி. லயத்துக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்துப் படுத்து எழுந்ததும் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் எப்போது போனாலும் இதே கதை. வீட்டில் வலிக்காது, அந்தப் பாதையில் போனால் மட்டும் வலிக்கும். பிரஷர் பார்த்தார்கள், சீனி பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். பூசாரி திருநீறு போட்டுவிட்டார். கடைசியில் பக்கத்து வீட்டுக் கமலா அக்காதான் கண்டுபிடித்தாள். "மகன அனுப்பிவச்ச பாததானே அது. அந்தப் பாதயப் பாத்தா பெத்தவளுக்கு வலிக்காம வேற யாருக்கு வலிக்கும்?" என்றாள். அன்றையிலிருந்து லயம் முழுக்க அதே பேச்சு. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அந்தப் பழமொழியின் பின்பாதி எவ்வளவு சரி என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

உன் அம்மா அதைக் கேட்டு அழுதாள் என்று நினைக்காதே. அவளுக்கு அதில் ஒரு பெருமை. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, அந்தப் பெயர் மகன். மாத்திரை வேண்டாம் என்றுவிட்டாள். "எம்புள்ள நெனப்புக்கு மாத்திரையா போடுறது?" என்று என்னிடம் கேட்டாள். உனக்கும் போனில் சொன்னாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். "வேன்ல ஏறுனாலே தல வலிக்குதுப்பா, வாந்தி வருது, ஒன் நெனப்புதான்" என்று வாய்விட்டுச் சொன்னாள். வேனில் ஏறினால் என்று சொன்னாள், தம்பி. மோட்டார் படித்தவனிடம் சொன்னாள். நீ என்ன செய்தாய்? "என்ன நெனச்சு அழுவாதம்மா" என்றாய். அன்று சாயந்தரமே அவள் படத்தைப் போட்டு, என் அம்மாவின் தலைவலி நான்தான் என்று எழுதினாய். அத்தனை பேர் அதற்கு இதயம் போட்டார்கள். கமலா அக்கா மகள் சுகந்தி அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். நீ எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது அன்றைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன ஆடி மாதம் சுகந்தியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைத்தாய்ச்சி, ஏழாம் மாதம். நல்ல மழை. அம்மா துணைக்கு வந்தாள், இரண்டு பேரும் பின்னால். வழக்கம்போல அம்மா தலையைப் பிடித்தாள், நானும் வழக்கம்போல உன்னை நினைத்துக்கொண்டேன். திடீரென்று, "என்னங்க, நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால் சுகந்தி அம்மா தோளில் சரிந்து கிடக்கிறாள், கண் செருகிவிட்டது. கதவைத் திறந்து தூக்கி மழையிலேயே ரோட்டோரம் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து வாந்தியெடுத்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பிள்ளைத்தாய்ச்சி மயக்கம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். தாயும் பிள்ளையும் இன்றைக்கு நலம், மாரியம்மன் புண்ணியம். ஆனால் அன்று இரவெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி குடைந்தது. உன் அம்மா உன்னை நினைத்து மயங்குகிறாள், சரி. இன்னொருத்தன் பெண்டாட்டி, வயிற்றில் பிள்ளையோடு, உன்னை நினைத்து ஏன் மயங்க வேண்டும்?

விடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு நோர்வூட்டுக்குப் போனேன். ஹார்ட்வெயார் கடை நிஸ்தார் நானாவிடம் இதே மாதிரி வேன் ஒன்று இருக்கிறது, இதே வருஷத்து வண்டி. கடைக்குப் பின்னால் சரக்கு இறக்குகிற மேடு. இரண்டு வேனையும் பக்கத்துப் பக்கத்தில் மேட்டில் ஏற்றி, நானும் அவரும் சாக்கு விரித்து அடியில் படுத்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. சைலன்சர் குழாயில் ஒரு முளை துருத்திக்கொண்டு வயரோடு நின்றது. "இது என்னாங்க நானா, சைலன்சர்ல பிளக் மாட்டியிருக்கு?" என்று கேட்டேன். அவர் தன் வேனுக்கு அடியிலிருந்து, "எங்கடதுலயும் ஈக்கி. மைக்கோ என்னமோ, புகை பேசுறத கேக்குறாங்க போல" என்று சிரித்தார். அப்புறம் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவர் வண்டியில் முதல் முளைக்குப் பின்னால் தடித்த டப்பா ஒன்று, அதற்குப் பின்னால் இரண்டாவது முளை. அதன் வயர் மேலே போய் வேன் தரையில் ஒரு ஓட்டைக்குள் நுழைகிறது, அந்த ஓட்டையைக் கறுப்பு ரப்பர் மூடி இறுக்கமாக அடைத்திருக்கிறது. என் வண்டியில் முதல் முளை இருந்தது. டப்பா இல்லை.

டப்பா இருந்த இடத்தில் நேர்க்குழாய். இரண்டு பக்கத்து மூட்டுகளையும் வெல்டிங் வைத்து ஒட்டாமல், பால்மா டின்னை வெட்டிச் சுற்றி, கிளிப் போட்டு இறுக்கியிருந்தது. டின் அரித்து, சுற்றிலும் கரி. நம் வீட்டில் வாங்குகிற அதே பால்மாதான், பாதி எழுத்து இன்னும் தெரிகிறது. இரண்டாவது முளை குழாய்க்குள் இறங்காமல், நீளமான ஒரு நட்டை நடுவில் வைத்து எட்டத்தில் நிறுத்தியிருந்தது. அதன் வயர் போகிற ஓட்டைக்கு ரப்பர் மூடி இல்லை. துணி திணித்திருந்தது, அது கருகிப் பாதி விழுந்துவிட்டது. மிச்சத்தை இழுத்துப் பார்த்தேன், நீ பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்குப் போட்ட நீல பெனியன். மேலே ஏறிக் கம்பளத்தைத் தூக்கினால் அந்த ஓட்டை எங்கே திறக்கிறது தெரியுமா? பின் சீட்டு மூலையில். அம்மா கால் வைக்கிற இடத்தில். "நானா, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அந்த ஓட்டைக்கு மேல் கையை வைத்தேன். சுடச்சுட என் உள்ளங்கையில் அடித்தது.

அந்த முளை எதற்கு, அந்த நட்டு எதற்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதும் விளங்கவில்லை. நிஸ்தார் நானா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "உங்கட மகன்ட வீடியோல பாப்போமே, அவருதானே இதெல்லாம் விளக்குறாரு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். போனில் தேடி எடுத்தார். நீ வந்தாய். வெள்ளைக் கையுறை, பின்னால் பளபளவென்று கராஜ். "நண்பர்களே, இதுதான் ஒக்சிஜன் சென்சர். ரெண்டு இருக்கும்" என்று தொடங்கினாய். புகையைச் சுத்தம் செய்கிற டப்பாவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பின்னால் உள்ளது டப்பா வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்லும் என்றாய். சில பேர் ஏத்தத்தில் இழுக்கவில்லை என்று டப்பாவை வெட்டி எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் லைட் எரியாமல் இருக்க நடுவில் நட்டு வைத்து சென்சரை ஏமாற்றுவார்கள், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள் என்றாய். அப்புறம் விரலை நீட்டிச் சொன்னாய். "மூட்டு கசிஞ்சா புகை உள்ள வரும். மணம்கூட தெரியாது. பின் சீட்ல இருக்குறவங்களுக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து நண்பர்களே." நிஸ்தார் நானா போனை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டார்.

எனக்கு அந்த வீடியோ புதிதல்ல, தம்பி, காதில் விழுந்ததே தவிர கவனித்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் அம்மா அதைத் தினமும் பார்ப்பாள். அவளுக்கு சென்சரும் தெரியாது, டப்பாவும் தெரியாது. பிள்ளை மெலிந்திருக்கிறானா, கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது. அடுப்படியில் கிழங்கு அவிந்துகொண்டிருக்கும், போனைச் சட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பாள். நீ "நண்பர்களே" என்றால் அவளும் கூடவே "நண்பர்களே" என்பாள். தலைவலி, வாந்தி, மயக்கம் என்று நீ சொல்வதை எத்தனை தடவை கேட்டிருப்பாள். அவளுடைய நோயை உன் வாயால் தினமும் கேட்டுவிட்டு, உன் நினைப்பில்தான் வலிக்கிறது என்று அதே வேனில் ஏறி அதே மூலையில் உட்கார்ந்தாள். ஊரான் வீட்டுப் பெண்டு பிள்ளைக்கு இரக்கப்பட்டு விரல் நீட்டியவனுக்குத் தன் வீட்டு வேன் ஞாபகம் வரவில்லையா?

இதை உன்னிடமே கேட்போம் என்றுதான் அந்த ஓட்டையையும் டின்னையும் படம் பிடித்து அனுப்பிவிட்டு அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். நீ மறந்துவிட்டாய் என்றிருந்தால், அடப்பாவி என்று ஏசிவிட்டு விட்டிருப்பேன். நீ மறக்கவில்லை. "ஆமாப்பா, அதுவா? அது ஒண்ணும் இல்ல. லைட் எரியாம இருக்கத்தான். வந்து சரியா செய்வோம்னு இருந்தேன்" என்றாய். அம்மா தலைவலியைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது இதனாலன்னு எப்புடிப்பா சொல்றது?" என்றாய். அப்புறம் டியூட்டி வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம் நீ பேசாமல் இருந்தாயே, அதில் எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்கிறது. தோன்றியதை உள்ளேயே வைத்துக்கொண்டாய். அம்மா உன்னை நினைத்து நோகிறாள் என்பது கேட்க இனிப்பாக இருந்தது, நீ வைத்த டின்னால் நோகிறாள் என்பது கசப்பாக இருந்தது, இனிப்பை எடுத்துக்கொண்டாய்.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கையில் லயத்துக் கூரைத் தகரம் ஒழுகியது ஞாபகமிருக்கிறதா? கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் பிடிக்கப் பேசின் சட்டி வைப்போம். சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வராது. ஒருநாள் நீ எழுந்துபோய்ப் பேசினுக்குள் ஒரு துணியைப் போட்டாய். சத்தம் நின்றுவிட்டது, எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். காலையில் பார்த்தால் பேசின் நிரம்பி வழிந்து பாயெல்லாம் ஈரம். அப்போதும் உன்னைத் தூக்கிக் கொஞ்சினோம், என்ன மூளை பார் என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தோம். பிள்ளை விளையாட்டு என்று இத்தனை காலம் அதைச் சிரித்துத்தான் சொல்லிவந்தேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றால் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு உன் பெண்டாட்டி தலை வலிக்கிறது என்று சொன்னால், உன்னை நினைத்துத்தான் வலிக்கிறது என்று உச்சி குளிர்ந்துபோகாதே. முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் பார். அவள் அழுதால் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே, எதனால் அழுகிறாய் என்று கேள். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் டியூட்டிக்குப் போ. இது போதும் உனக்கு, மிச்சத்தை மாமனார் வீட்டில் சொல்வார்கள்.

வேனைச் சரி செய்துவிட்டேன். டப்பா தேடி எடுத்து, மூட்டுகளை ஒட்டி, ஓட்டைக்கு ரப்பர் போட்டாயிற்று. அம்மாவிடம் சைலன்சர் உடைந்துவிட்டது, மாற்றினேன் என்று மட்டும் சொன்னேன். அடுத்த தடவை ஹட்டனுக்குப் போனபோது அவளுக்கு வலிக்கவில்லை. சந்தோஷப்பட்டாள், டவுனில் எனக்குத் தின்ன ரோல்ஸ் வாங்கித் தந்தாள். அதற்கடுத்த தடவையும் வலிக்கவில்லை. கமலா அக்கா வேடிக்கையாகத்தான் கேட்டாள், "என்ன, இப்ப தலவலியே காணோம்? மகன மறந்தாச்சோ?" உன் அம்மா சிரித்தாள். வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். தூறல். பின் சீட்டு மூலையில் சால்வையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, ஒங்க பக்கத்துக் கண்ணாடியையும் ஏத்துங்க" என்றாள். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏற்றினேன். கண்ணை மூடிக் கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். நோர்வூட் வருகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். "குளுருதா?" என்று கேட்டேன். "குளுரு இல்லைங்க. புள்ளைய நெனச்சுப் பாத்தேன். முன்ன மாதிரி வலிக்குதான்னு பாத்தேன். வலிக்கவே மாட்டேங்குது" என்றாள். அப்புறம், "நான் என்னா தாயி?" என்று கேட்டு, நீ போன அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதாள்.

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சொல்லிவிடலாமா என்று திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டேன். அது பாசமில்லை, புகை என்று என் வாயால் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நீ. போனில் சொல்லாதே, நண்பர்களுக்குச் சொன்ன மாதிரி விரல் நீட்டியும் சொல்லாதே. வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல். நீ சொல்லி முடிப்பதற்குள் அவள் உன்னை மன்னித்துவிடுவாள், அது எனக்குத் தெரியும். என்னிடம் அதை எதிர்பார்த்துக்கொண்டு வராதே. நீ வருகிற வரைக்கும் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்ணாடியை ஏற்றச் சொல்வாள், கண்ணை மூடித் தலைவலிக்காகக் காத்திருப்பாள். நானும் வாயைக் காலி செய்துகொண்டு ஏற்றிக்கொண்டிருப்பேன்.

அப்பா